கூலியில்லா எழுத்துவேலை

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உங்கள் காரியதரிசித் தம்பி ஒருநாள் மாலை என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து, "ஐயா, இம்முறை ஆண்டுவிழாவில் நீங்கள் ஒரு சொற்பொழிவு செய்யவேண்டும்" என்று கேட்டபொழுது, ஆள்மாறிக் கேட்கின்றாரோ என்று நான் ஐயுற்றேன். அரசாங்கக் கந்தோர்களில் இலிகிதராக இருந்து 2014ஆம் ஆண்டில் இளைப்பாறியவன் நான். மற்றவர்கள் பேசியதைக் குறிப்பெடுத்துப் பழகியவனேயன்றி, மற்றவர்கள் குறிப்பெடுக்கும்படி பேசிப் பழகியவனல்லன். "எதைப்பற்றித் தம்பி பேசுவது?" என்றேன். "நீங்கள் இரவிரவாகக் கணனியில் எழுதிக்கொண்டிருக்கிறீர்களாம். அதைப்பற்றிச் சொல்லுங்கோ. அதற்கு என்ன தருகிறார்கள் என்று பெடியள் எல்லாரும் கேட்கிறார்கள்" என்றார்.

என்ன தருகிறார்கள்? இக்கேள்வியைத் தம்பி மாத்திரமா கேட்டார்? என் மனைவி கேட்டார், தபாற்கந்தோரிற் கண்ட பழைய நண்பர் கேட்டார், கொழும்பிலிருந்து வந்த மருமகனும் கேட்டார். ஒரு சதமும் தருவதில்லை என்று சொன்னால் ஒருவரும் நம்புகின்றாரில்லை. மின்சாரப் பட்டியல் வேறு என் கையிலிருந்தே போகின்றது. அப்படியிருந்தும் பத்து வருடமாக இதனை விடமுடியாமல் இருக்கின்றேனே, ஏன்? அந்த விடையைத்தான் இன்று உங்கள் முன்னிலையிற் சொல்லப் புகுகின்றேன்.

முதலில், முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்காக இவ்வேலை இன்னதென்று சொல்லிவிடுகின்றேன். கலைக்களஞ்சியம் என்பது நமக்குப் புதிதன்று. எழுத்தின் வரிசையிற் பெயர்களை அடுக்கி, அவற்றின் வரலாறு கூறும் 'அபிதான கோசம்' என்னும் நூலை யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அவர்கள் 1902ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். தமிழகத்தில் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இல் வந்தது. அதன்பின் பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரையிற் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. எங்கள் வாசிகசாலையில் அதன் தொகுதிகள் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன. திறப்பு நூலகப் பொறுப்பாளரின் மடியில் இருக்கும். சிறுவர்களாகிய நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகெழுத்தை வாசித்துக்கொண்டு போவோம்.

இப்பொழுது இணையத்தில் இருக்கும் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். வேறுபாடு யாதெனின், இதன் அலுமாரிக்குத் திறப்பு இல்லை. யாரும் வாசிக்கலாம். அதுமாத்திரமன்று, யாரும் எழுதலாம், எழுதியதைத் திருத்தலாம். 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் ஆரம்பமான இம்முயற்சி, 2003 செப்டெம்பரில் தமிழுக்கு வந்தது. வந்தது என்று சொன்னாலும் அப்பொழுது அது வெறுங்காணியாகத்தான் கிடந்தது. அவ்வருடம் நவம்பர் மாதத்தில் அக்காணியிற் காடுவெட்டித் தோட்டம் போடத் தொடங்கியவர் யாழ்ப்பாணத்திற் பிறந்து அரபு நாட்டிற் பணிபுரிந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் அவர்கள். பகல் முழுவதும் தமது தொழிலைச் செய்து, ஓய்வு வேளையிலே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். 2017ஆம் ஆண்டில் அத்தோட்டத்திலே கட்டுரைகள் ஒரு இலட்சத்தைக் கடந்தன. இவற்றை எழுதியவர்களிற் பெரும்பாலோர் கூலி பெறாதவர்கள்.

இதற்கும் முன்னரே, 1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளிலே, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்களின் முன்முயற்சியில் மதுரைத் திட்டம் ஆரம்பமாயிற்று. பல தேசங்களிற் சிதறியிருந்த தமிழர்கள், பழைய இலக்கியங்களை ஆளுக்கொரு பகுதியாகப் பங்கிட்டு, எழுத்தெழுத்தாகக் கணனியிற் பொறித்து, ஒருவர் பொறித்ததை மற்றொருவர் ஒப்புநோக்கி, யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்தார்கள். நமது இலங்கையில் 2005ஆம் ஆண்டு நூலகத் திட்டம் தொடங்கிற்று. ஈழத்தில் அச்சான நூல்கள், சஞ்சிகைகள், புதினப்பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து இணையத்தில் வைத்தல் அதன் வேலை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்தச் சாம்பர் காற்றோடு வந்து விழுந்ததைக் கண்ட மனிதர்கள் இச்சபையில் இருக்கின்றார்கள். ஒரு பிரதி மாத்திரம் இருக்கும் நூலுக்கு எது நேரக்கூடும் என்பதை அவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அந்த நூலகந்தானும் எப்படித் தொடங்கியது? க. மு. செல்லப்பா என்னும் ஒருவர், 1933ஆம் ஆண்டிலே தமது வீட்டில் இருந்த நூல்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து அன்றோ! அவருக்கும் யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

இனி என் கதைக்கு வருகின்றேன்.

இளைப்பாறிய முதல் வருடத்தில் எனக்குப் பொழுது போகவில்லை. என் மகள்வழிப் பேத்தி அப்பொழுது உயர்தர வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தாள். "அம்மப்பா, சும்மா இருந்து பேப்பரைத் திரும்பத்திரும்ப வாசிக்காமல் இதிலே எழுதுங்கோவன்" என்று சொல்லித் தமிழ் எழுத்துக்களை எப்படி விரலாலே தட்டுவது என்று காட்டித்தந்தாள். நானும் உற்சாகங்கொண்டு, என்னிடமிருந்த ஒரு பழைய நூலைத் திறந்து வைத்து, நமது பகுதிக் கல்விமான் ஒருவரின் வரலாற்றை நான்கு பக்கம் வரிக்குவரி பார்த்தெழுதினேன். மூன்று நாள் சென்றது. இரண்டாம் நாள் எடுத்துப்போட்டார்கள்! "உங்கடை கட்டுரையை அழிச்சுப்போட்டாங்கள் அம்மப்பா" என்று பேத்தி சிரிக்கின்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகுதான் காரணத்தை விளங்கிக்கொண்டேன். ஒருவர் எழுதியதை அப்படியே பெயர்த்தெழுதுதல் அங்கே ஆகாது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நூலாசிரியர் மறைந்து 70 வருடம் கழியுமட்டும் அவர் எழுத்து அவருடைய உரித்தாளர்களுடையது. செய்தியை எடுத்துக்கொள்ளலாம், வாக்கியத்தை எடுக்கக்கூடாது. முப்பது வருடத்திற்கு மேலாகச் சுற்றுநிருபங்களைப் பார்த்தெழுதிப் பழகிய கைக்கு, சொந்த வாக்கியம் எழுதுதல் அறுபது வயதிலேதான் கற்பிக்கப்பட்டது.

இரண்டாவதாக எழுதப் புகுந்தது நான் நன்கறிந்த ஒன்றைப்பற்றி. நம்மூர்ச் சந்திக்கு அருகில், பழைய மடத்தின் முன்னே, ஒரு சுமைதாங்கி இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். வாலிபர்களுக்கு அந்தச் சொல்லே தெரியாதிருக்கலாம். வாகனங்கள் இல்லாத காலத்தில், தலையிற் சுமையோடு நடந்து வருபவர், பிறர் கைத்துணை இல்லாமல் அதனை இறக்கி வைத்துத் தாமே திரும்பத் தூக்கும்படி தோளளவு உயரத்தில் அமைத்த கல்மேடை அது. பக்கத்திலே குடிநீருக்கு ஒரு கிணறு, மாடுகள் தினவு தீர உரஞ்சுவதற்கு ஓர் ஆவுரஞ்சிக்கல், ஆறியிருக்க ஒரு மடம், நீராட ஒரு கேணி என்று நம் முன்னோர் வீதியோரங்களில் அமைத்துவைத்த ஏற்பாட்டில் அதுவும் ஒன்று. பருத்தித்துறைக்குப் போனவர்கள் அங்கே வீதியையே மூடிக் கூரை போட்டு நிற்கும் தெருமூடிமடத்தைக் கண்டிருப்பீர்கள். அதுவும் வழிநடப்போருக்கென்றே கட்டிய கட்டடமாகும். கர்ப்பவதியாய் இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது ஒரு வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவள் பெயரால், மற்றவர்கள் சுமையிறக்க ஓரிடம்.

எங்கள் சுமைதாங்கியும் அப்படி வைத்ததுதான் என்று என் ஆச்சி சொல்லுவார். கடகம் நிறையக் கத்தரிக்காயோடு சந்தைக்குப் போகின்ற வழியில் அவர் அதிலே இறக்கி வைப்பார். நான் பின்னாலே போவேன். "இது அந்தப் பெட்டைக்காகப் புருஷன்காரன் வைச்ச கல்லடா" என்பார். பெயர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆண்டு 1901 என்று யாரோ சொன்னது என் மனதில் நின்றது. பின்னர் வீதியை அகலித்தபொழுது அந்தக் கல்லை எடுத்துவிட்டார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று விசாரித்தேன். ஒருவரும் விடை சொல்லவில்லை. அதை இங்கே பெரிதாக்க நான் விரும்பவில்லை. ஆயினும் அந்தக் கோபத்தோடுதான் இரவு கணனியின் முன் இருந்தேன். சுமைதாங்கிகளைப்பற்றிய பொதுக் கட்டுரையில், நமது ஊர்க் கல்லைப்பற்றி ஐந்து வாக்கியம் சேர்த்தேன். நன்றாகத்தான் எழுதினேன் என்று நித்திரைக்குப் போனேன்.

விடிந்து பார்த்தால், என் வாக்கியத்தின் அடியில் இரண்டு சொற்கள் நிற்கின்றன: 'சான்று தேவை.'

அன்பர்களே, நான் உண்மையைச் சொல்லுகின்றேன், எனக்கு வந்த சினத்திற்கு அளவில்லை. என் ஆச்சியின் வாக்குக்குச் சான்று கேட்பதற்கு இவர் யார்? ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் உரையாடற் பக்கம் என்று ஒன்று உண்டு, கருத்து வேறுபட்டால் அங்கேதான் வாதிக்கவேண்டும். அங்கே போய், கந்தோரில் மேலதிகாரிக்குக்கூட எழுதாத கடுதாசியை எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. பெயரைப் பார்த்து ஊர் அறியமுடியவில்லை. தமிழகத்தவராகவும் இருக்கலாம், மலேசியராகவும் இருக்கலாம். அவர் எழுதியது இவ்வளவுதான்: "ஐயா, ஆச்சி சொன்னதை நான் நம்புகின்றேன். ஆனால் ஐம்பது வருடம் கழித்து இதை வாசிப்பவர் ஆச்சியை எங்கே போய்க் கேட்பார்?"

வாயடைத்துப்போனேன். ஆச்சியைக் கேட்க முடியாது. எவரைக் கேட்கலாம் என்று எண்ணிப் பார்த்தேன். நம்மூர்ச் சங்கதிகளை நாள் நட்சத்திரத்தோடு சொல்லவல்ல தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் ஒழுங்கையின் முடக்கிலே இருந்தார். இருந்தார் என்று சொல்லுகின்றேனே, அதுதான் துக்கம். அதற்கு முந்திய வருடம் ஐப்பசியில் அவர் காலமாகிவிட்டார். இளைப்பாறி வந்தபின் எத்தனையோ மாலைகளில் அவர் வீட்டு விறாந்தையைத் தாண்டித் துவிச்சக்கரவண்டியிற் போயிருக்கின்றேன். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து கையை உயர்த்துவார். நானும் உயர்த்திவிட்டுப் போவேன். இறங்கி ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன அவசரமாக எங்கே போனேன் என்று இப்பொழுது எனக்கே ஞாபகமில்லை.

இறுதியில் விடை கிடைத்தது, நினையாத இடத்திலிருந்து. நமது பகுதிகளில் ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியின்போது கல்வெட்டு என்று ஒரு நினைவு மலர் அச்சிட்டுக் கொடுப்போமல்லவா? தேவாரம், திருவாசகம், பின்பு இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, உற்றார் உறவினரின் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். அதை வாங்கி வந்து என்ன செய்கின்றோம்? சிலநாள் மேசையில் இருக்கும். அப்பால் றங்குப்பெட்டிக்குள், அதற்கும் அப்பால் அடுப்படிக்கு. நூலகத் திட்டத்தார் அவற்றையும் மதித்து ஏற்றுச் சேர்த்து வைத்திருக்கின்றார்கள். நம்மூர்ப் பெயரை இட்டுத் தேடிக்கொண்டு போகையில், 1962ஆம் ஆண்டில் அச்சான ஒரு கல்வெட்டு வந்தது. கரையெல்லாம் செல்லரித்த பக்கங்கள். அதன் குடும்ப வரலாற்றுப் பகுதியில் ஒரு வாக்கியம். அந்தச் சுமைதாங்கியை வைத்தது 1911ஆம் ஆண்டு. வைத்தவர் கணவனல்லர், தகப்பனார். இறந்த பெண்ணுக்கு வயது பத்தொன்பது. அவளுடைய பெயரும் இருந்தது.

நான் எழுதிய ஆண்டு பிழை. ஆச்சி சொன்ன ஆளும் பிழை. 'அந்தப் பெட்டை' என்று மாத்திரம் என் செவியில் இருந்தவளுக்கு அன்றிரவு ஒரு பெயர் வந்தது. தனியே இருந்து கண்கலங்கினேன் என்று சொல்ல வெட்கப்படவில்லை. மறுநாட் காலை என் பிழையை நானே திருத்தினேன். அப்பொழுதும் வாதம் ஓயவில்லை. குடும்பத்தார் வெளியிட்ட மலர் முழுச் சான்றாகுமா என்று இன்னொருவர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயமே. குடும்ப மலரில் யார்தான் தம் தாத்தாவைக் குறைத்து எழுதுவர்? 'குடும்ப நினைவு மலர் ஒன்றின்படி' என்னும் தொடரை முன்னே வைத்து எழுதுவதென்று இருதரத்தாரும் உடன்பட்டோம். இப்படியான வழக்குகளைப் பொதுவாகப் பேசித் தீர்ப்பதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஓரிடம் உண்டு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஆலமரத்தடி'. அந்தப் பெயரைக் கண்ட நாளிலேயே எனக்கு அவ்விடம் பிடித்துவிட்டது.

சில மாதம் சென்றபின், கனடாவிலிருந்து ஒருவர் அந்தப் பக்கத்தில் ஒரு படம் சேர்த்திருந்தார். 1978ஆம் ஆண்டிற் பிடித்த போட்டோ. நமது சந்தி. அந்தக் கல்லின் மேல் ஒரு சிறுவன் ஏறியிருக்கின்றான். பக்கத்திலே ஒரு றலி சைக்கிள். கல்லை எடுத்தவர்கள் எடுத்தார்கள், படம் ஒருவர் வீட்டு அல்பத்திலே கடல்கடந்து போய் நாற்பது வருடம் இருந்துவிட்டு நான் எழுதிய ஐந்து வாக்கியத்தைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தது. யாரும் எடுத்தாளலாம் என்று எழுதிக்கொடுத்து அதைப் பொதுவகத்தில் வைத்திருக்கின்றார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தச் சிறுவன் யாரென்றும் தெரியாது. இச்சபையில் இருந்தாலும் இருப்பான். இப்பொழுது அவனுக்கு ஐம்பதுக்கு மேல் வயதிருக்கும்.

பெரியவர்கள் சொல்லும் ஆட்சேபம் ஒன்றுண்டு. "கண்டவன் நின்றவனெல்லாம் எழுதுகின்ற புத்தகம், பிழை மலிந்தது, அதை எப்படி நம்புவது?" பிழை இருக்கின்றது, ஐயமில்லை. நானே செய்திருக்கின்றேனே! ஆனால் அச்சுப் புத்தகத்தில் ஒரு பிழை விழுந்தால் அடுத்த பதிப்புவரை அது அங்கேயே கிடக்கும். அடுத்த பதிப்பும் நமது நாட்டிலே பெரும்பாலும் வருவதில்லை. இங்கே ஒவ்வொரு மாற்றமும், யார், எந்த நாள், எத்தனை மணிக்குச் செய்தார் என்று வரலாற்றுப் பக்கத்திற் பதிவாகின்றது. ஒருவன் விஷமத்துக்கு ஒரு கட்டுரையை அழித்தால், மற்றொருவன் ஒரு நொடியிற் பழையபடி மீட்டுவிடலாம். கந்தோர்க் கோவைகளிலே பக்கம் கிழிந்து காணாமற்போன கதைகளை நான் அறிவேன். இந்தக் கோவையிற் பக்கம் இலேசிற் கிழிவதில்லை.

இன்னொன்று, அடைமொழி. நமது ஆண்டு மலர்களை எடுத்துப் பாருங்கள். 'புகழ்பூத்த', 'வரலாற்றுச் சிறப்புமிக்க', 'வள்ளல்', 'பெருந்தகை' என்னும் சொற்கள் இல்லாமல் ஒரு பெயர் தனியே நடந்து வருவதைக் காணமுடியாது. அங்கே அவையெல்லாம் போயே போகும். பெருந்தகை என்று எழுதாதே, அவர் என்ன செய்தார் என்று எழுது என்பார்கள். முதலில் எனக்கு அது மரியாதைக் குறைவாகத் தோன்றியது. ஒரு பள்ளிக்கூடத்தை நிறுவியவரைப்பற்றி எழுதியபொழுது, அவருடைய பட்டங்களையெல்லாம் கழற்றிவிட்டு, எத்தனை பரப்புக் காணி கொடுத்தார், எந்த ஆண்டிலே கொடுத்தார், முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று மாத்திரம் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். மனிதர் முன்னிலும் பெரியவராகவே இருந்தார்.

வாலிபர்கள் சொல்லும் ஆட்சேபம் வேறு. "நாங்கள் கூலியில்லாமல் எழுத, அதை எடுத்துப் பெரிய கம்பனிகள் பணம் பண்ணுகின்றன. கேட்ட கேள்விக்கெல்லாம் விடைசொல்லும் இயந்திரங்கள் இந்தக் கலைக்களஞ்சியத்தை வாசித்துத்தானே அறிவு பெறுகின்றன?" என்று என் பேத்தியே இப்பொழுது கேட்கின்றாள். உண்மைதான். அதிலே நீதிக் குறைவு இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும் ஒருநாள் அவளைக்கொண்டு அத்தகைய இயந்திரம் ஒன்றிடம் ஆவுரஞ்சிக்கல் என்றால் என்னவென்று கேட்பித்தேன். அது ஏதோ ஒரு கதையைக் கூசாமற் கட்டிச் சொல்லிற்று. நாம் எழுதாமல் விட்ட இடம் வெறுமையாக இருக்காது என்பதை அன்று கண்டேன். யாரோ, எதையோ சொல்லி அதை நிரப்புவர்.

வேலை கடினமோ என்று கேட்பீர்கள். சிறிய வேலைகளே அதிகம். ஒற்றுப் பிழை திருத்துதல், உடைந்த வாக்கியத்தை நிமிர்த்துதல், ஒரு படத்துக்கு விளக்கம் எழுதுதல். பழகுவதற்கென்று மணல்தொட்டி என ஒரு பக்கம் வைத்திருக்கின்றார்கள். ஏடு தொடக்கும் பிள்ளை அரிசியில் எழுதுவதுபோல அதில் எழுதி அழித்துப் பழகலாம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தமது உத்தியோக வேலைகளுக்கிடையே, இற்றுப்போன ஏடுகளை ஊரூராய்த் தேடிக் கைப்பொருளைச் செலவிட்டுக் கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார்கள். அவர்கள் பட்ட பாட்டின் முன் நாம் செய்வது ஒரு பாடாகாது. கைத்தொலைபேசியும் அரை மணித்தியாலமும் போதும்.

இனி, என்ன தருகிறார்கள் என்ற கேள்விக்கு வருகின்றேன்.

சென்ற வருடம் அடுத்த வீட்டுப் பிள்ளை, எட்டாம் வகுப்பு வாசிப்பவள், வேலியால் எட்டிப் பார்த்து, "தாத்தா, சுமைதாங்கி எண்டால் என்னெண்டு தெரியுமோ? ரீச்சர் ஒப்படை தந்திருக்கிறா" என்றாள். "நீ என்ன எழுதினாய், வாசி பாப்பம்" என்றேன். கொப்பியை விரித்து வாசித்தாள். மூன்றாவது வாக்கியம் என்னுடையது. நான்காவது என்னுடையதும் அந்தச் சான்று கேட்ட மனிதருடையதும் கலந்தது. அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் பெயரை அவள் பிழையில்லாமல் உச்சரித்தாள். "சரியோ தாத்தா?" என்று கேட்டாள். "சரி பிள்ளை, நல்லா இருக்குது" என்றேன். அது நான் எழுதியதென்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றளவும் எனக்கு விளங்கவில்லை. சொல்லியிருந்தால் என் சந்தோஷத்தில் ஏதோ கொஞ்சம் குறைந்துபோயிருக்கும் என்று மாத்திரம் தெரிகின்றது. அன்று பின்னேரம் முழுவதும் நான் ஒருவரோடும் பேசாமற் சிரித்துக்கொண்டு திரிந்ததாக என் மனைவி சொல்லுகின்றார்.

அதைத்தான் தருகிறார்கள், தம்பி.

முடிப்பதற்குமுன் சில காரியங்கள். காரியதரிசியோடு பேசி ஒழுங்கு செய்திருக்கின்றேன். வருகின்ற சனிக்கிழமை தொடக்கம், மாலை நாலு மணிக்கு, நம் வாசிகசாலையிலே கூடுவோம். விருப்பமுள்ள வாலிபர்களுக்கு, பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகள் என்ற வேறுபாடின்றி, எழுதுவதற்குக் கற்பித்துத் தருவேன். எனக்குத் தெரியாததை என் பேத்தி கற்பிப்பாள். இருவர் இருவராகச் சேர்ந்து, ஊரில் எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் வீடுகளுக்குப் போகவேண்டும். தென்னந்தோட்டத்தடி ஆச்சிக்குத் தொண்ணூற்றொரு வயது. நமது வயற்காணிகள் ஒவ்வொன்றின் பழைய பெயரும் அவருக்கு மனப்பாடம். அவருக்கு மத்தியானத்தில் நித்திரை, ஆகையால் காலையிற் போங்கள். வெற்றிலை கொண்டுபோனாற் போதும். அவர் சொல்வதை அப்படியே கலைக்களஞ்சியத்திற் சேர்க்கமுடியாது, நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். முதலில் அதை நமது ஆண்டு மலரில் அச்சிடுவோம். மலராசிரியர் எட்டுப் பக்கம் தருவதாக வாக்களித்திருக்கின்றார். அச்சானபின் மலரை நூலகத் திட்டத்தாருக்கு அனுப்பி வைப்போம். ஆச்சியை எங்கே போய்க் கேட்பது என்று அந்த மனிதர் கேட்டாரே, அவருக்கு அப்பொழுது ஒரு பக்க எண்ணைக் காட்டலாம்.

அத்துடன் ஒரு வேண்டுகோள். நமது சங்கத்தின் பழைய மலர்களைச் சேர்த்துக்கொண்டு வருகின்றோம். எல்லாம் கிடைத்துவிட்டன, 1957, 1958, 1964ஆம் ஆண்டு மலர்கள் மூன்றுந்தான் இல்லை. 1964ஆம் ஆண்டு மலரின் அட்டை நீலநிறம், உள்ளே சங்க மண்டபத்துக்கு அத்திவாரமிட்ட படம் இருந்ததாக ஞாபகம். உங்கள் வீட்டு றங்குப்பெட்டியிலோ பறணிலோ இருந்தால், எத்தனை பக்கம் செல்லரித்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவந்து தாருங்கள். ஒரு கிழமையில் படம்பிடித்துக்கொண்டு, கையொப்பமிட்டுத் திருப்பித் தருவது என் பொறுப்பு. நான் வீட்டில் இல்லாவிட்டால் என் மனைவியிடம் கொடுக்கலாம்.